இல்லாத பாதத்தில் வலி: உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததா?

ரோஸ்ஹில் மகள்:
வணக்கம். சர்க்கரையால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நம்ம மொரிஷியஸ் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை, அதனால் பல வீடுகளுக்குத் தெரிந்த கதைதான். புண் ஆறிவிட்டது. ஆனால் ராத்திரியானால் அந்தப் பாதத்தின் கட்டைவிரல் மடங்கி இறுக்குகிறது, யாராவது நிமிர்த்தி விடுங்கள் என்கிறார். போர்வையை விலக்கினால் அந்த இடத்தில் வெறும் மெத்தை.

எனக்கு மனசு ஆறாதது இன்னொன்று. தைப்பூசத்துக்கு நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்திக் காவடி எடுத்து, காத்ர் போர்ன் மலைக்கோயில் படி ஏறியவர் அப்பா. ஒரு தடவைகூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை. இப்போது பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், "அவ்வளவையும் தாங்கினவர், இல்லாத காலுக்கா இப்படிக் கத்துறார்" என்று அவர் காதுபடவே பேசுகிறார்கள். சிகிச்சைக்குப் போன இடத்திலும் ஒருவர் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அப்பா வலிக்கிறது என்று வாய் திறப்பதே இல்லை, தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். யாராவது இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா?

பிசியோதெரபி தம்பி:
அக்கா, உங்கள் அப்பா படுவது நிஜமான வலி. கால் எடுத்தவர்களோடுதான் எனக்கு வேலை, அவர்களில் பலருக்கு இது வருகிறது. 1871இலேயே வெயர் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களிடம் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பாதம் போனாலும் மூளையில் பாதத்துக்கென்று இருக்கிற இடம் போவதில்லை. வெட்டுப்பட்ட நரம்பு நுனிகள் தாறுமாறாகச் செய்தி அனுப்பும், விரலை அசை என்று மூளை சொன்னால் அசைந்தது என்று பதில் வராது. ராத்திரி வேறு கவனம் இல்லாததால் வலி இன்னும் தூக்கலாகத் தெரியும், பயமும் துக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கண்ணாடி வைத்துப் பாருங்கள். வி. எஸ். ராமச்சந்திரன் என்ற மூளை ஆய்வாளர், நம்ம தமிழர்தான், 1990களில் கொண்டுவந்த முறை. கால்களை நீட்டி உட்காரவைத்து, நடுவில் நீளமான கண்ணாடியை நெட்டுக்குத்தாக, அதன் முகம் இடது காலைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். குறைக்கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடது பாதத்தை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு பாதமும் அசைவதுபோல் தெரியும். 2007இல் கால் இழந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் செய்து பார்த்ததில் கண்ணாடி பார்த்தவர்களுக்கு வலி குறைந்தது. எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு முதலில் தலை சுற்றும், அழுகை வரும், பக்கத்திலேயே இருங்கள். இந்த வலிக்குப் பாரசிட்டமால் பெரும்பாலும் கேட்காது. நரம்பு வலிக்கென்று கபாபென்டின் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

காவடிக்காரர்:
தங்கச்சி, அந்தச் சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் வேல் குத்துகிறவன்தான். பத்து நாள் விரதம், மேளம், கூடவே நடக்கிற குடும்பம், யாருக்காக நேர்ந்துகொண்டோம் என்ற நினைப்பு, எல்லாம் சேர்ந்துதான் அந்த ஊசி உள்ளே போகிறது. முதல் ஊசிக்குச் சுருக்கென்று இருக்கும், அப்புறம் அது எங்கேயோ தள்ளிப் போய்விடும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவந்து வலியை அடக்குகிற பாதை உடம்பிலேயே உண்டு, ஓப்பியம் மாதிரியான பொருளை உடம்பே சுரக்கிறது என்று படித்தபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. நம்ம ஊர்க் காவடியையே டிமிட்ரிஸ் ஸிகலாட்டாஸ் என்ற ஆய்வாளர் வந்து ஆராய்ந்திருக்கிறார். 2019இல் வெளியானதில், அதிகமாகக் குத்திக்கொண்டவர்களுக்குத்தான் பிறகு மனநிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது.

அப்பா மலை ஏறியபோது அந்த வலிக்கு ஒரு காரணம் இருந்தது, முடிவு இருந்தது, ஊர் முழுக்கக் கூட நின்றது. இப்போது இருட்டில் தனியாக, எப்போது நிற்கும் என்று தெரியாமல், கூடவே பொய் என்ற பேரும் வாங்கிக்கொண்டு கிடக்கிறார். அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

ரோஸ்ஹில் மகள்:
நன்றி அண்ணே, நன்றி தம்பி. இரண்டையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1871 என்றதும் எழுந்து உட்கார்ந்து, திரும்பப் படி என்றார். அலமாரிக் கதவுக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறோம். தம்பி, ஒரு சந்தேகம்: இடது பாதத்திலும் சர்க்கரையால் மரத்துப்போன இடங்கள் இருக்கின்றன, தொட்டால் தெரிவதில்லை. அந்தக் காலைக் கண்ணாடியில் பார்த்தாலும் பலன் இருக்குமா, புண் படாமல் எதில் கவனமாக இருக்க வேண்டும்?