சாதாரண ஆளாகவே இருந்துவிடுவேனோ என்ற பயம்

கேள்வி: மெய்ப்புத்திருத்துநர்

எனக்கு 38 வயது. பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். படிக்கிற காலத்தில் வகுப்பில் முதல் மாணவி. இவள் பெரிய ஆளாக வருவாள் என்று ஆசிரியர்கள் வாய்விட்டுச் சொன்னதுண்டு. இப்போது கூடப் படித்த ஒருத்தி அறுவைச் சிகிச்சை நிபுணர், இன்னொருவன் சொந்தமாக நிறுவனம் நடத்துகிறான். வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது நல்ல செய்தி போட்டால் மனதார வாழ்த்துகிறேன். பிறகு வெகுநேரம் தூக்கம் வருவதில்லை.

அண்மையில் ஒரு கணக்குப் புத்தகத்தின் விடைப்பகுதியில், ஒரு பின்னத்தின் தொகுதியும் பகுதியும் இடம் மாறியிருந்ததைப் பிடித்தேன். அப்படியே அச்சாகியிருந்தால், சரியாகப் போட்ட குழந்தை தன் விடையை அடித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கும். அன்று மாலைவரை மனம் நிறைந்திருந்தது. இரவு அந்தக் குழுவைத் திறந்ததும் அது ஒன்றுமில்லாததாகிவிட்டது. என் பெயர் எங்குமே இல்லாமல் போய்விடுமோ? நீங்களெல்லாம் உங்களை எதை வைத்து அளக்கிறீர்கள்?

பதில் 1: ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்

அம்மா, உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானியைப் பார்த்து உங்கள் தூக்கம் கெடவில்லை, கவனித்தீர்களா? உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதியது இதைத்தான்: தன்னை அளக்கப் புறவயமான அளவுகோல் கிடைக்காதபோது மனிதர் பிறரோடு ஒப்பிடுகிறார், அதுவும் தன்னைப் போன்றவரோடு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்பதால்தான் வலிக்கிறது.

இன்னொன்று, உங்கள் கண்ணில் படுகிறவர்கள் முழு வகுப்புக்கும் சரியான மாதிரி இல்லை. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991இல் ஒரு விந்தையை விளக்கினார். பெரும்பாலோருக்குத் தங்களைவிடத் தங்கள் நண்பர்களுக்கு அதிக நண்பர்கள் இருப்பார்கள். காரணம் எளிது: பலருக்கு நண்பராக இருப்பவர் பலருடைய பட்டியலிலும் வந்துவிடுகிறார், தனித்திருப்பவர் யார் கணக்கிலும் அதிகம் வருவதில்லை. உங்கள் குழுவிலும் செய்தி உள்ளவர்தான் எழுதுகிறார். எதுவும் எழுதாதவர்களின் பெயர்களை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். அவர்களும் அதே வகுப்புதான்.

பதில் 2: நெட்டோட்டக்காரன்

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை ஆராய்ந்தார்கள். வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்கள் மகிழ்ச்சியாகத் தெரிந்தார்களாம். வெள்ளிக்காரர் தவறிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரர் நான்காமிடத்திலிருந்து தப்பியதை நினைக்கிறார். இதைக் காட்டி "உனக்கும் கீழே உள்ளவரைப் பார்" என்று புத்தி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கீழே பார்த்தாலும் நிற்பது அதே ஏணியில்தானே? என் நிம்மதிக்கு இன்னொருவர் தோற்க வேண்டும் என்றால் அது எப்படிப்பட்ட நிம்மதி?

பதில் 3: இரு பிள்ளைகளின் தாய்

மேலே இருவரும் ஆறுதல் சொல்லிவிட்டார்கள். நான் வேறொன்று கேட்கிறேன், தோழி. பெயர் வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன குற்றம்? என் மகளுடைய பாடநூலில் நூலாசிரியர், ஓவியர் பெயரெல்லாம் இருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இல்லை. விடை தப்பாக இருந்து அவள் அழுத நாள் எனக்கு நினைவிருக்கிறது, அதனால் சொல்கிறேன்: உங்கள் பெயரையும் போடச் சொல்லிக் கேளுங்கள்.

மெய்ப்புத்திருத்துநர்

எல்லாருக்கும் நன்றி. எழுதாதவர்களின் பட்டியலைப் படித்தேன், ஐயா. மூன்றாம் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் பெயரும் அதில் இருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, நாளை அழைக்கிறேன்.

தோழி, பெயர் போடும்படி பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். மறுத்தாலும் மறுக்கலாம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு வேண்டியது நிறுவனமோ அறுவை அரங்கமோ இல்லை, அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் என்பது கடிதம் எழுதும்போது தெரிந்தது.