58 வயதில் சாவன்துர்கா: பழைய ஜோடியோடு ஏறுவதா, பசங்களோடு ஏறுவதா?

கிரானைட்_கிழவர் (ஓசூர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அடுத்த மாதம் 58 முடிகிறது. பாறை ஏற ஆரம்பித்தது 37 வயதில். மகனைக் கோடை வகுப்பில் சேர்க்க பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துச் சுவருக்குக் கூட்டிப்போனேன். பையன் இரண்டே வாரத்தில் கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டான். கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று மிச்ச நாட்களுக்கு நான் போனேன். அப்படி மாட்டிய ஹார்னஸ் (கயிறு கட்டும் இடுப்புப் பட்டை).

என் ஜோடி கிடைத்ததும் அந்தச் சுவரில்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், கன்னடக்காரர், தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தமிழில் பேசுவேன், அவர் கன்னடத்தில் பதில் சொல்வார். அவருக்கு நான் குரு, எனக்கு அவர் குரு. பெங்களூரு வழக்கம் அப்படி. இருபது வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை காலை நாலே முக்காலுக்குக் கிளம்பிவிடுவோம். ராமநகரா என்றால் வழியில் பிடதியில் தட்டு இட்லி. துரஹள்ளி என்றால் பிளாஸ்கில் காபி மட்டும். பாதாமிக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். அந்தச் சிவப்பு மணற்பாறை விரலுக்கு எவ்வளவு இதமோ, கிரானைட்டில் தேய்ந்த கைகளுக்குத்தான் தெரியும்.

முன்பு நாலு பேராக இருந்தோம். ஒருவர் பேத்தியைப் பார்த்துக்கொள்ள டொரொண்டோ போனார், திரும்பவில்லை. இன்னொருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் மனைவி ஷூவையும் ஹார்னஸையும் பரணில் ஏற்றி, ஏணியை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் நாங்கள் இருவர்.

விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரு பக்கத்துச் சாவன்துர்கா மலையில் ‘பெளதிங்களு’ என்று ஒரு ரூட். கன்னடத்தில் நிலா வெளிச்சம். பல பிட்ச் (ஒரு கயிறு எட்டும் தூரம்) நீளம், முழுக்க ஸ்லாப் (பிடி இல்லாத சாய்வுப் பாறை), போல்டுக்கும் (கயிறு மாட்டப் பாறையில் பதித்த ஆணி) போல்டுக்கும் நடுவில் சாமி கும்பிட நேரம் இருக்கும். 2014 நவம்பரில் இரண்டு பிட்ச் ஏறினோம், மழை பிடித்துக்கொண்டது. நனைந்த ஸ்லாப்பில் நிற்பதும் எண்ணெய்ச் சட்டியில் நிற்பதும் ஒன்றுதான். இறங்கிவிட்டோம். காரில் அவர் என் நோட்டை வாங்கி ஒரு வரி எழுதினார்: ‘அறுபதுக்குள். முழுசும். நீ லீட்.’ தேதியும் போட்டார். லீட் என்றால் கயிற்றைக் கொண்டு முதலில் ஏறுவது.

போன வருஷம் அவருக்குத் தோள்பட்டை இறுகிப்போனது. வலது கை காதுக்கு மேலே போவதில்லை. காதிலும் மெஷின். அவரே சொல்கிறார்: “நீ அந்தப் பசங்களோடு போ குரு. நான் நடக்கிற வழியாக ஏறி, மேலே நந்தி பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன்.”

பசங்க என்றால் சுவருக்கு வரும் நாலு பேர், எல்லாம் முப்பதுக்குள். 7ஏ என்கிற கஷ்டமான கிரேடு ஏறுகிறார்கள். என்னை அங்கிள் என்று கூப்பிட்டு, என் பையையும் தூக்குகிறார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கயிற்றின் அந்தப் பக்கம் யார் என்பது என் காலுக்குத் தெரிகிறது. அவர் பிலே பண்ணினால், அதாவது நான் ஏறும்போது கயிற்றைப் பிடித்தால், நான் கேட்பதற்கு முன்பே அரை முழம் கயிறு வந்திருக்கும். தப்பான இடத்தில் காலை வைக்கப்போனால் கீழே தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், வாயைத் திறந்து சொல்ல மாட்டார். இருபது வருஷத்தில் அந்தச் செருமல் ஏழெட்டு முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். இந்தத் தோளோடு அவரைக் கூட்டிக்கொண்டு போவது பைத்தியக்காரத்தனமா? ‘மனசு சொல்வதைக் கேளுங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது தினமும் வேறு வேறு மாதிரி சொல்கிறது.

சுண்ணாம்புக்கை (கோவை)

அண்ணா, எனக்கு 53. ஏற ஆரம்பித்ததே 46இல்தான், அதனால் அனுபவத்தில் நான் சின்னவள். ஆனால் தோள் விஷயத்தில் சீனியர். எனக்கு இரண்டு தோளுமே இறுகி விட்டது.

நீங்கள் சொல்வது ஸ்லாப். அதில் கை தலைக்கு மேலே போக வேண்டிய வேலை எவ்வளவு? உள்ளங்கையை இடுப்பு உயரத்தில் ஊன்றி, குதிகாலைத் தாழ்த்தி, ஷூ ரப்பரைப் பாறையில் அப்பிக்கொண்டு நடப்பதுதானே? ஓவர்ஹாங் (வெளியே துருத்தும் பாறை) என்றால் நானே வேண்டாம் என்பேன். செகண்டாக, அதாவது லீட் போனவருக்குப் பின்னால் வருபவருக்கு மேலிருந்து கயிறு இருக்கிறது, வழுக்கினாலும் ஒரு அடி, இரண்டு அடி. வலி வராத உயரம் எது என்று அவருடைய பிசியோதெரபிஸ்டிடம் கையைத் தூக்கிக் காட்டிக் கேட்டுவிடுங்கள். ‘பாறை ஏறலாமா’ என்று கேட்டால் கூடாது என்றுதான் சொல்வார்கள். ‘கையை இதுவரை தூக்கி எடையைத் தாங்கலாமா’ என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் ஒழுங்கான பதில் கிடைத்தது.

சுவிட்சர்லாந்தில் மார்செல் ரெமி என்று ஒருவர் இருந்தார். 2017இல், 94 வயதில், ‘மிரோர் தெ லார்ஜான்தீன்’ பாறையில் ஏறினார். மிரோர் என்றால் கண்ணாடி. பெயருக்கு ஏற்ற மாதிரி பெரிய சுண்ணாம்பு ஸ்லாப் அது. 94இல் ஏறத் தோதான பாறை ஸ்லாப்தான் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று: இரண்டு பேரும் என்ன கண்ணாடி போடுகிறீர்கள்? புரோகிரசிவ் என்றால் ஸ்லாப்பில் அதுதான் பெரிய எதிரி. கீழ்ப்பாதி படிப்பதற்கான பவர். குனிந்து காலைப் பார்த்தால் ஐந்தடி தள்ளியிருக்கும் படிகக் குமிழ் மசமசவென்று தெரியும். ஒரு வருஷம் எனக்கு பயம் வந்துவிட்டது, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி செய்தேன். பயம் போய்விட்டது! முடிச்சைச் சரிபார்க்கப் படிக்கும் கண்ணாடி ஒன்றைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். அழகாக இருக்காது.

மூணாவது_போல்ட்

நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் சார்.

தோளை விடுங்கள். அவர் செகண்டாக ஏறிவிடுவார். நீங்கள் விழுந்தால் பிடிப்பாரா? அதுதான் கேள்வி. நீங்கள் கடைசி போல்டுக்கு எட்டு மீட்டர் மேலே இருந்தால் விழுவது பதினாறு மீட்டர், கயிறு நீள்வது தனி. ஸ்லாப்பில் தோலோடு தேய்த்துக்கொண்டு வருவீர்கள், அதனால் இழுப்பு கொஞ்சம் குறையும். ஆனால் ஆங்கரை (பிட்ச் முடிவில் நம்மைக் கட்டிக்கொள்ளும் போல்டுகள்) விட்டுக் கிளம்பி முதல் போல்ட் மாட்டும் வரை விழுந்தால் முழு அடியும் நேராக ஆங்கரிலும் அவரிடமும்தான் இறங்கும். அதனால் கிளம்பும்போதே ஆங்கர் போல்டில் ஒரு க்விக்டிராவை (இரண்டு பக்கமும் கொக்கி உள்ள சின்னப் பட்டை) மாட்டிக் கயிற்றைப் போட்டுவிடுங்கள்.

அவர் எந்தக் கையால் பிரேக் பிடிக்கிறார்? வலது என்றால், இறுகிய தோளும் அதே பக்கம். பிலேக்குப் பழைய டியூப் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கயிற்றைக் கையால்தான் நிறுத்த வேண்டும். கிரிகிரிக்கு மாறுங்கள், கயிறு வேகமாக இழுபட்டால் அது இறுக்கிப் பிடிக்க உதவும். மாறினாலும் பிரேக் கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது, அது தெரியும் உங்களுக்கு. சுவரில் பசங்களில் ஒருவரை அவருக்குப் பின்னால் பேக்கப்பாக நிறுத்தி, நீங்கள் வேண்டுமென்றே விழுங்கள். சொல்லிவிட்டு மூன்று முறை, சொல்லாமல் மூன்று முறை. பிடித்தால் போங்கள். ஒன்று தவறினாலும் அவர் சொன்னபடி காபியோடு மேலே உட்காரட்டும். இருபது வருஷப் பழக்கம் கயிற்றைப் பிடிக்காது.

அப்புறம், ‘அப்படி மாட்டிய ஹார்னஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அதே ஹார்னஸ் இல்லையே? துணி வகைச் சாமான்களுக்குப் பத்து வருஷம்தான் உச்சவரம்பு, பெட்டியிலேயே கிடந்திருந்தாலும் சரி.

கிரானைட்_கிழவர் (ஓசூர்)

கசப்பெல்லாம் இல்லை தம்பி, கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பிரேக் வலது கைதான். அந்தக் கை இடுப்புக்குக் கீழே இருந்தால் வலி இல்லை என்கிறார், ஆனால் அவர் எதற்குமே வலி என்று சொல்கிற ஆள் இல்லை.

ஹார்னஸ்... இரண்டாவதுதான். 2009. பெல்ட்டில் ஒரு பக்கம் பிசிறு விட்டிருக்கிறது, அதை லைட்டரால் சுட்டு வைத்திருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போதே வெட்கமாக இருக்கிறது.

கோவைத் தங்கச்சி, இருவருமே புரோகிரசிவ். நான் என்னமோ ஷூதான் தேய்ந்துவிட்டது என்று போன மாதம் ரப்பர் மாற்றினேன்!

லேட்டா_வந்தவன் (பெங்களூரு)

அங்கிள், நான் 28. உங்கள் பசங்க கூட்டத்தில் இல்லை, ஆனால் அதே ஜாதி. ஒரு ரகசியம் சொல்கிறேன். எங்களில் பாதிப் பேருக்கு ஸ்லாப் ஏறத் தெரியாது. ஜிம்மில் பிளாஸ்டிக் பிடியைத் தொங்கிப் பழகியவர்கள் நாங்கள். சாவன்துர்காவில் கை வைக்க இடமே இல்லை என்று முதல் பிட்ச்சிலேயே கால் தையல் மெஷின் ஓட்ட ஆரம்பித்துவிடும். எனக்கு ஓட்டியது. 7ஏ எல்லாம் அங்கே செல்லாது. அதனால் பசங்களோடு போவதுதான் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வேண்டுமானால் மூன்று பேராகப் போகலாம். நீங்கள் இரண்டு கயிறு கட்டி லீட் போங்கள், பிலேக்கு எங்களில் ஒருவர், உங்கள் குரு இன்னொரு கயிற்றில் நிம்மதியாக வரலாம். நேரம்தான் கூடும். டிசம்பர், ஜனவரி என்றாலும் பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும்.

காதுக்கு வாக்கி டாக்கி இருக்கிறது, இரவல் தருகிறேன். கத்திப் பேசாமல் இருப்பது நல்லது. மலைத்தேனீக் கூடு அந்தப் பக்கம் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுண்ணாம்புக்கை (கோவை)

மூன்று பேர் யோசனை நல்லதுதான், ஆனால் அண்ணா எழுதியதைப் படித்தால் அந்த மனிதர் மூட்டையாக வர ஒத்துக்கொள்வார் என்று தோன்றவில்லை. கேட்கும்போது பார்த்துக் கேளுங்கள். இன்னொன்று, நடக்கிற வழியாக ஏறி இறங்குவது சுலபம் என்று அவர் நினைத்தால், முட்டியைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்த மொட்டைப் பாறைச் சரிவில் இறங்கியதற்கு மூன்று நாள் ஐஸ் வைத்தேன் நான்.

கிரானைட்_கிழவர் (ஓசூர்)

மூன்று வாரம் ஆகிவிட்டது, கணக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சுவர். பசங்களில் ஒருவன் பின்னால் நின்றான். சொல்லிவிட்டு மூன்று, சொல்லாமல் மூன்று. ஆறையும் பிடித்தார். ஐந்தாவதில் வேண்டுமென்றே பக்கத்தில் நின்ற பெண்ணை விட்டு அவரிடம் மணி கேட்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கம் திரும்பாமலேயே பிடித்தார். அப்புறம்தான் தெரிந்தது, கேள்வியே அவர் காதில் விழவில்லை.

மூன்று பேர் யோசனையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கைக்குப் பூசும் சாக் பொடிப் பையைத் தட்டிக்கொண்டிருந்தார். “லக்கேஜுக்கு டிக்கெட் தனியா?” என்றார். தங்கச்சி, உங்கள் கணிப்பு சரி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாக்கி டாக்கி சரிப்படவில்லை. ஹெல்மெட் பட்டை காது மெஷினில் உரசி, கிட்டே எதைக் கொண்டுபோனாலும் கீ என்று கத்துகிறது. கயிற்று இழுப்புதான் முடிவானது. மூன்று இழுப்பு: நான் ஆங்கரில் இருக்கிறேன், பிலேயை எடு. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று: நீ ஏறி வா. ராமநகராவில் இரண்டு ஞாயிறு இதை மட்டும் பழகினோம். நாற்பது மீட்டர் கயிறு போன பிறகு, பாறை விளிம்பில் உரசி, என் மூன்று இழுப்பு அவருக்கு ஒரு நெளிவாகத்தான் போய்ச் சேருகிறது. அதனால் இரண்டு கையாலும், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இழுக்க வேண்டும்.

போன ஞாயிறு சாவன்துர்கா. பெளதிங்களு இல்லை, அதைவிடச் சுலபமான ‘தீபாவளி’யில் ஒத்திகை. ஆறரைக்குப் பாறையில் கை வைத்தபோது சில்லென்று இருந்தது. இரண்டாவது ஆங்கருக்கு வந்து சேர்ந்தவர், மூச்சு வாங்கி முடித்ததும் என் கழுத்திலிருந்த க்விக்டிராக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் ஹார்னஸில் மாட்ட ஆரம்பித்தார். “இது படுத்துக்கொண்டு போகிற பிட்ச். நான் போகிறேன்,” என்றார். பார்த்தால் அந்த இடம் உண்மையிலேயே படுத்துத்தான் கிடந்தது. கை இடுப்புக்கு மேலே போகவே இல்லை. ஒரு இடத்தில் இடது காலைத் தப்பான குமிழில் வைக்கப்போனார். நான் தொண்டையைச் செருமினேன். அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் காலை மாற்றி வைத்தார்.

கீழே வந்து நோட்டைக் கேட்டார். ‘நீ லீட்’ என்பதில் ‘நீ’யை அடித்துவிட்டு ‘மாற்றி மாற்றி’ என்று எழுதினார். முதல் போல்ட் தூரமாக இருக்கும் பிட்ச்சுகள் எனக்கு, படுத்த பிட்ச்சுகள் அவருக்கு. ஜனவரி இரண்டாவது ஞாயிறு என்று வைத்திருக்கிறோம், மழை இல்லாமல் இருந்தால். டொரொண்டோக்காரருக்கும் சொல்லியிருக்கிறேன். ஸ்டென்ட்காரர் நடக்கிற வழியாக வந்து காபி வேலையை எடுத்துக்கொள்கிறாராம். மனைவியும் கூட வருகிறார், அது நிபந்தனை.

புது ஹார்னஸ் வாங்கிவிட்டேன். கண்ணாடிக்குக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை கிடைக்கும். படிக்கும் கண்ணாடிக்குக் கயிறு கடையில் தங்க நிறத்தில்தான் இருந்தது. தங்கச்சி சொன்னது சரி, அழகாக இல்லை.