எலிக்கு மருந்தா, ஓட்டைக்குச் சிமெண்டா?

வாடகைவீட்டுக்காரி:
மதுரையில பழைய ஓட்டு வீடு, வாடகைக்கு இருக்கோம். மூணு மாசமா எலித் தொல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல பரண்ல ஓட ஆரம்பிச்சா விடியிற வரைக்கும் நிக்காது. நேத்து துவரம்பருப்பு டப்பா மூடியையே கொறிச்சிருக்கு, ஓரமெல்லாம் ரெண்டு ரெண்டா பல் தடம். பருப்பை அப்படியே கொட்டிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா "மருந்து கேக் வாங்கி வை, ஒரு வாரத்துல தீந்துடும்"ங்கறாங்க. வீட்டு ஓனர் செவத்துல கை வைக்கக் கூடாதுங்கறார். வீட்டுல 4 வயசுப் பையன் இருக்கான். என்ன பண்றது?

மளிகைக்கடை:
அந்த அக்கா சொன்னதுதான் சரிம்மா. 22 வருஷமா கடை வச்சிருக்கேன். பொறியில ஒண்ணு மாட்டும், மத்தது அதைச் சுத்திக்கிட்டுப் போயிடும். ப்ரோமாடியோலோன்ங்கற மருந்து கலந்த கேக் தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் ஆகும். அதனாலதான் மத்த எலிக்குச் சந்தேகம் வராது. எலி சினையா இருக்கறதே மூணு வாரம்தான், ஒரு ஈத்துக்கு ஆறேழு குட்டி. நீங்க ஓட்டை தேடி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஈத்து வந்துடும்.

கொத்தனார்மகன்:
அண்ணே, கடைக்கு அது சரிப்படலாம், குழந்தை இருக்கற வீட்டுக்கு வேணாம். மருந்து இன்னைக்கு இருக்கற எலியைத்தான் கொல்லும், வழி திறந்தேதான் கிடக்கும். அடுத்த மாசம் வேற எலி வரும், திரும்பக் கேக் வாங்குவீங்க.

சகோதரி, முதல்ல எங்கிருந்து வருதுன்னு பாருங்க. படுக்கப் போகும்போது செவத்தோரமா கொஞ்சம் மைதா மாவைச் சலிச்சு விடுங்க. காலையில டார்ச்சைத் தரையோட சாச்சு அடிச்சா கால் தடமும் வால் இழுத்த கோடும் தெளிவாத் தெரியும். எலி எப்பவும் செவத்தை ஒட்டித்தான் போகும். தினமும் நுழையிற ஓட்டையோட விளிம்புல எண்ணெய்ப்பிசுக்கு மாதிரி கறுப்பாப் படிஞ்சிருக்கும், அது உடம்பு உரசி உரசி வந்த அழுக்கு. புழுக்கை கறுப்பா மெத்துன்னு இருந்தா புதுசு, காஞ்சு வெளுத்திருந்தா பழசு.

பென்சில் நுழையிற சந்து இருந்தாப் போதும், சுண்டெலி வந்துடும். சிங்க் குழாய் செவத்துக்குள்ள போற இடம், பாத்ரூம் ஜாலி, கதவுக்கு அடிச்சந்து, ஓடு செவத்து மேல உக்கார்ற இடம், கேஸ் டியூப் வர்ற ஓட்டை, இவ்வளவும் பாருங்க. வெறும் சிமெண்ட் பூசினா ஈரம் காயறதுக்குள்ள பறிச்சிடும். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை உள்ள திணிச்சு அதுமேல பூசணும். எங்க அப்பா உடைஞ்ச கண்ணாடியைக் கலந்து பூசுவார், நான் பார்த்து ஒரு இடத்துலகூட அது திறந்ததில்லை. அடைச்ச அன்னைக்கே உள்ள பொறி வச்சிடணும், இல்லன்னா உள்ள மாட்டினது வேற எங்கயாவது கடிச்சு வழி பண்ணும். புதுப் பொருளைப் பார்த்தா எலி ஒதுங்கும், அதனால முதல் மூணு நாள் பொறியை ஏத்தாம கருவாடு மட்டும் வைங்க.

இன்னொண்ணு, கேஸ் டியூப்பை இன்னைக்கே தடவிப் பாருங்க. பழைய ரப்பர் டியூப்னா எலி சாதாரணமாக் கடிச்சுடும். உள்ள கம்பி வச்ச ஆரஞ்சு டியூப் மாத்துங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க.

மளிகைக்கடை:
தம்பி, தெரு முழுக்கச் சாக்கடை, பெருச்சாளி வளை. ஒட்டுச்செவரு வீடு. இவங்க ஒரு வீட்டை அடைச்சா பக்கத்து வீட்டுப் பரண் வழியா வராதா? ஓனர் வேற செவத்தைத் தொடாதேங்கறார்.

நைட்ஷிப்ட்:
நான் நர்ஸா இருக்கேன். மருந்துன்னு பேச ஆரம்பிச்சதால சொல்றேன். எலி மருந்துப் பசையை டூத்பேஸ்ட்னு நினைச்சுக் குழந்தைங்க வாயில வச்சிருக்காங்க. அதுல இருக்கற மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலையே கெடுத்துடும், மாத்து மருந்தும் கிடையாது. அதனாலதான் தமிழ்நாடு அரசு அந்தப் பசையைத் தடை பண்ணுச்சு. 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல எலி மருந்து வச்ச வீட்டுல ஏசி போட்டுத் தூங்கின குடும்பத்துல, அந்த மருந்தோட நெடியைச் சுவாசிச்சு ரெண்டு குழந்தைங்க செத்துப் போனாங்க. மருந்து வச்சது வெளியாள்தான், தொழிலாவே செய்றவங்க.

மளிகைக்கடை:
அந்தச் செய்தியைப் படிச்சு நானும் ரெண்டு நாள் தூங்கலைம்மா. ஆனா நான் சொன்ன கேக் வேற. அதுல வாயு வராது. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசினா ஜனங்களுக்கு எது எதுன்னே தெரியாமப் போயிடும்.

நைட்ஷிப்ட்:
வேறதான், ஒத்துக்கறேன். கேக் ரத்தம் உறையாமப் பண்ணும், அதுக்கு மாத்து மருந்தா வைட்டமின் கே இருக்கு. ஆனா வாங்கறவங்களுக்கு அந்த வித்தியாசம் எங்கண்ணா தெரியுது? அட்டை இல்லாம ஒரு துண்டைத் தாளில் மடிச்சுக் குடுக்கற கடையும் இருக்கு. கலர் கலரா இருக்கறதை 4 வயசுப் பையன் மிட்டாய்னுதான் நினைப்பான். தின்ன அன்னைக்குக் குழந்தை நல்லாத்தான் விளையாடும், நாலஞ்சு நாள் கழிச்சு ஈறுல ரத்தம் வரும்போதுதான் கூட்டிட்டு வர்றாங்க. எந்த எலி மருந்தா இருந்தாலும் வாயில வச்சுட்டான்னா வாந்தி எடுக்க வைக்காதீங்க, அட்டையைக் கையில எடுத்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கிணத்தடி:
குறுக்கே ஒரு விஷயம். மூக்கு நீளமா, செவத்தோரமாக் கீச்சுக் கீச்சுன்னு கத்திக்கிட்டு ஓடினா அது மூஞ்சூறு. எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் பிடிச்சுத் தின்னும். நாத்தம் அடிக்கும், அதுக்காகக் கொல்லாதீங்க.

வாடகைவீட்டுக்காரி:
நேத்து மைதா போட்டேன். தடம் அடுப்புமேடைக்குக் கீழ கேஸ் டியூப் வர்ற ஓட்டையில இருந்துதான் வந்துருக்கு. பென்சில் இல்லை, என் கட்டைவிரலே உள்ள போகுது. டியூப்ல ஒரு இடத்துல மேல்தோல் உரிஞ்சிருக்கு, பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிட்டேன். போட்டோ அனுப்பினதும் ஓனர் அந்த ஓட்டையை மட்டும் அடைச்சுக்கச் சொன்னார்.

மளிகைக்கடை:
டியூப் மாத்தாம அடுப்புப் பத்த வைக்காதம்மா, அது முக்கியம். ஆனா ஓட்டுச்சந்து அப்படியேதானே இருக்கு? பரண்ல பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள ஒரு கேக் வைக்கலாம்னுதான் இப்பவும் சொல்வேன்.

கொத்தனார்மகன்:
பெட்டியைப் பூட்டலாம்ண்ணே, தின்ன எலியைப் பூட்ட முடியுமா? ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவுல போய்ச் செத்தா ஓடு பிரிச்சுத்தான் எடுக்கணும். சகோதரி, ஓனர்கிட்ட ஓட்டுச்சந்துக்குக் கம்பி வலை கேட்டுப் பாருங்க. கால் இஞ்சுக் கண்ணு வலை, அதைவிடப் பெருசு வேணாம். சட்டத்துல ஆணி அடிச்சாப் போதும், செவத்தைத் தொட வேண்டியதில்லை.