பறை அடிக்கும் பெண்கள்: களத்தில் கற்றவை

திண்டுக்கல் தாளம்

கல்லூரித் தோழிகள் சேர்ந்து பறைக்குழு தொடங்கப் போவதாகத் தங்கை ஒருவர் எழுதியிருந்தார். பெண்கள் முதல் மாதத்திலேயே விலகிப் போவது பெரும்பாலும் தாளம் வராததால் அல்ல, இடது கை வலியால். ஆகவே முதலில் பறையின் மர வளையத்தையும் உடம்பையும் பொருத்துங்கள்.

வழக்கமான வளையம் சுமார் 35 செ.மீ. குறுக்களவு கொண்டது. தோள் குறுகியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் 30 செ.மீ. போதும். சிறிய வளையத்தின் சுருதி மேலே நிற்கும். பெரியதும் சிறியதும் கலந்து நின்றால் குழுவின் ஒலி கலங்கிவிடும், அதனால் சிறியவற்றைத் தனி வரிசையாக நிறுத்துங்கள்.

வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடது தோளில் மாட்டி, வளையத்தை விலாவுக்கும் இடது கைக்கும் நடுவே இலேசாக அணைத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கயிறு தோளை அறுக்கும். இரண்டு அங்குல அகலப் பருத்தி நாடா நல்லது. நாடா நீளமாகிப் பறை இடுப்புக்குக் கீழே இறங்கினால் முதுகு வளையும், வலது கை அடிக்குச்சி தோலில் படாமல் வளையத்தின் கட்டையில் மோதும். பறையின் நடுப்பகுதி கடைசி விலா எலும்பின் உயரத்தில் நிற்கட்டும். கை படும் இடத்தில் பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் கன்றிப்போகாது. இடது கை வளையல்களைக் கழற்றிவிடுங்கள். சேலை கட்டுபவர்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தோளில் ஊக்குப் போட்ட பிறகுதான் நாடாவை மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் முதல் சுற்று ஆட்டத்திலேயே துணி நழுவும், கவனம் முழுக்க அங்கே போய்விடும்.

தோல்கட்டு

மேலே திண்டுக்கல் தாளம் அக்கா சொன்னதோடு குச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடது கையில் பிடிக்கும் சுண்டுக்குச்சி மூங்கில் பிளாச்சு, ஏறத்தாழ 28 செ.மீ. வளைந்து கொடுக்கும் அளவுக்குச் சீவி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கூர் விளிம்பு தோலைக் கோடு கோடாகக் கீறிவிடும், பிறகு அந்தக் கோட்டிலேயே கிழியும். அடிக்குச்சி 18 செ.மீ. போதும், எந்த மரமும் ஆகும், முனை உருண்டையாக இருக்கட்டும்.

இனித் தோல். கட்டை பெரும்பாலும் வேம்பு. வில்லாக வளைந்த மூன்று துண்டுகளை உலோகப் பட்டை அடித்து இணைப்பார்கள். ரோமம் நீக்கிய தோலை ஈரமாகவே இழுத்துப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டுவது வழக்கம். அப்படி ஒட்டியதை நிழலில்தான் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் பசையைவிட வேகமாகச் சுருங்கி விளிம்பு எழும்பிவிடும்.

காய்ச்சுவதைப் பெண்கள் கட்டாயம் தாங்களே கற்க வேண்டும் என்பேன். பல குழுக்களில் அடிப்பது பெண்கள், தீ மூட்டிக் காய்ச்சுவது கூட வரும் ஆண்கள். அவர்கள் வராத நாளில் நிகழ்ச்சி தொய்ந்த தோலோடுதான் நடக்கும். தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தளரும். சூடு அந்த ஈரத்தை விரட்டி மறுபடி இறுக்கும். வைக்கோல், காய்ந்த தென்னோலை, காகிதம் எதுவும் ஆகும். தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருங்கள். அவ்வப்போது விரலால் சுண்டுங்கள். ‘பொத்’தென்று கேட்டது ‘டண்’ணென்று திரும்பும்போது நிறுத்திவிடலாம். அதற்குமேல் போனால் நடுத்தோல் கருகும், அல்லது பசை விட்டுப்போகும்.

குளிரூட்டிய அரங்குகளில் தீ மூட்ட விடமாட்டார்கள். வெளியே காய்ச்சி, தடித்த போர்வையில் சுற்றி எடுத்துப்போய், மேடையேறும்போது பிரியுங்கள். ஃபைபர் முகப்பு உள்ள பறைக்கு இந்தப் பாடே இல்லை, மழையிலும் அடிக்கலாம். பயிற்சிக்கு அது போதும். ஆனால் அடிக்குச்சி நடுவில் விழும்போது நெஞ்சுக்குள் இறங்கும் அந்த அடி அதில் வராது. மேடைக்குத் தோல்தான்.

சலங்கை

பாடம் எடுக்கும் முறை பற்றிக் கொஞ்சம். முதலில் கால், பிறகு கைதட்டு, அதன்பின் பழைய டயரில் குச்சி, கடைசியாகத்தான் பறை. இந்த வரிசையை மாற்றினால் கை ஓடும், கால் நிற்கும். நடுவில் அடிக்குச்சி, ஓரத்தில் சுண்டுக்குச்சி, இரண்டும் அடுத்தடுத்து: இந்த மூன்றும் படிந்துவிட்டால் ஒத்தையடி, தெம்மாங்கு, சப்பரத்தடி என்ற அடிவகைகள் எல்லாம் தானே வரும். ஒரே அடியை ஊருக்கு ஊர் வேறு பெயரில் சொல்வார்கள். ஆசான் வாயால் சொல்லிக்கொடுக்கும் சொல்லையே குழு முழுவதும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்தாலே வேகம் ஏறிவிடும். முதல் வரிசை உற்சாகத்தில் ஓடும், பின்வரிசை துரத்தும். ஒருவர் மட்டும் அடி மாற்றத்துக்குச் சைகை காட்ட வேண்டும், அவர் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நிற்க வேண்டும்.

புதியவள்

மாதவிலக்கு நாட்களில் தோல் கருவியைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். குழுக்களில் இதை எப்படிக் கையாள்கிறீர்கள், அக்கா?

திண்டுக்கல் தாளம்

அந்த விலக்கை ஏற்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்துச் சொல்லிவிட வேண்டும், தங்கை. வலி இருந்தால் ஓய்வு, இல்லையென்றால் பயிற்சி.

மதுரை மேற்கு

தோழர்களே, அழைப்பு வரும்போது என்ன கேட்பது என்பதைத் தோலைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணையின் கருப்பொருளிலும் தெய்வம், உணவு, மரம், புள்ளோடு பறையையும் வைக்கிறது. அப்படி நிலத்துக்கே அடையாளமாக இருந்த கருவியைப் பிற்காலச் சாதி அமைப்பு, சாவுக்கும் ஊர்ச் செய்தி சாட்டுவதற்கும் கட்டாய ஊழியமாக்கித் தலித் ஆண்களின் தோளில் ஏற்றியது. பெண்களுக்கு ஒப்பாரியும் மாரடிப்பும்தான். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது சாதி, பெண் என்ற இரண்டு பூட்டையும் ஒருசேர உடைத்த வேலை.

அதனால் எந்த நிபந்தனையில் அடிக்கிறோம் என்பதில்தான் மானம் இருக்கிறது. கூலியும் போக்குவரத்தும் முன்கூட்டியே பேசி, பாதியை முன்பணமாக வாங்குங்கள். உடை மாற்றத் தாழ்ப்பாளுள்ள அறையும் கழிப்பறையும் உண்டா, மற்ற விருந்தினரோடு ஒரே பந்தியில் சாப்பாடா, இரவு திரும்ப வண்டி யார் பொறுப்பு என்று கேளுங்கள். மேடைக்கு ஏற்றாமல் வரவேற்பு வாசலிலேயே இரண்டு மணி நேரம் நிற்கவைக்கும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சாவுக்கு அடிப்பதா என்பதில் குழுக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை அழைப்பு வந்தபின் விவாதித்தால் குழு உடையும், முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பிற சாதிப் பெண்கள் இப்போது தமிழ் அடையாளமாகப் பறையைக் கையிலெடுக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் கற்பது காணொளியில், மேடை தங்களுக்கு, பரம்பரையாக அடித்தவர் பார்வையாளர் வரிசையில் என்றால் அது சரியல்ல. ஆசானை நேரில் தேடிப் போங்கள், கட்டணம் கொடுங்கள், மேடையில் பெயர் சொல்லுங்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது பெறாத ஆசான்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கடல் கடந்த பறை

வெளிநாட்டுக் குழுக்களுக்கு ஒரு குறிப்பு. ஆஸ்திரேலியாவுக்குத் தோல் பறை கொண்டுபோனால் வருகைப் படிவத்தில் விலங்குப் பொருள் என்று அறிவிக்க வேண்டும். ரோமமோ கொழுப்போ ஒட்டியிருக்காமல் சுத்தமாக வழித்து எடுத்துப் போங்கள். குளிர் நாடுகளில் சிக்கல் தலைகீழ்: வெப்பமூட்டிய அறையில் காற்று வறண்டு, தோல் அளவுக்குமீறி இறுகி இரவோடு இரவாக விரிசல் விடும். வெப்பக் கருவிக்கு அருகில் வைக்காதீர்கள். பிழிந்த ஈரத்துணியைத் துளையிட்ட நெகிழிப் பையில் இட்டு உறைக்குள் வைத்தால் போதும். துணி மட்டும் தோலைத் தொடக்கூடாது, தொட்ட இடம் தொய்ந்து அந்த ஒரு பக்கம் மட்டும் ஊமையாகிவிடும்.