நானோகுழாயில் நொதி ஒட்டியது சரி, வேலை செய்ததா?

வண்ணாரப்பேட்டைக்காரி:
குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைக் கார்பன் நானோகுழாயில், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரிக்குழாயில், ஒட்டுவதுதான் என் முனைவர் பட்ட வேலை. சர்க்கரை அளக்கும் பட்டைகள் பலவற்றில் இருக்கும் அதே நொதி என்பதால், எங்கள் தெருவில் யாருக்கும் விளக்கம் சொல்ல நான் திணறியதில்லை. ஒருநாள் ஆய்வகத்தில் மூத்தவரான அண்ணன் ஒரு வரைபடத்தை நீட்டினார். மைனஸ் 0.45 வோல்ட் அருகே அழகான மின்னோட்டச் சிகரம். “நொதி நேரடியாக மின்வாய்க்கு எலக்ட்ரான் கொடுக்கிறது, பார்” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எலக்ட்ரானைக் கையாளும் எஃப்ஏடி மூலக்கூறு அந்தப் புரதத்துக்குள் ஆழமாகப் புதைந்து கிடக்கிறது. “அண்ணா, நொதியிலிருந்து கழன்று வந்த எஃப்ஏடியாக இருக்கலாமே?” என்றேன். எஃப்ஏடியை மட்டும் குழாயில் ஒட்டிப் பார்த்தோம். அதே இடத்தில் அதே சிகரம். நைட்ரஜனை ஊதி ஆக்சிஜனை வெளியேற்றியபின் குளுக்கோஸ் சேர்த்தோம். நொதி நேரடியாக எலக்ட்ரான் கொடுத்தால் மின்னோட்டம் ஏற வேண்டும், ஆனால் அது அசையவில்லை. காற்றுள்ள கரைசலில் மட்டும் மாறும், நொதி ஆக்சிஜனைத் தின்பதால். பலர் ஏமாறுவது அங்கேதான். இயல்பான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நானோகுழாய்க்கு நேரடியாக எலக்ட்ரான் தருகிறது என்பதற்குச் சான்றே இல்லை என்று மின்வேதியியலாளர் பிலிப் பார்ட்லெட்டும் அவருடைய சக ஆய்வாளரும் 2018இல் எழுதியதைப் படித்தபோது, அண்ணனுக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

எண்ணூர்த் தம்பி:
அக்கா, எங்களுக்கு ஒட்டுவதே பெரும்பாடு. குழாயை அமிலத்தில் வைத்துக் கார்பாக்சில் தொகுதிகளை உண்டாக்கி, இடிசி என்ற இணைப்பு வேதிப்பொருளைச் சேர்த்து, அவற்றை நொதியின் அமீன் தொகுதியோடு பிணைப்போம். இடிசி ஈரத்தில் கெடும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால், இந்தக் கடற்காற்றில் உள்ளே நீர் கோத்துவிடும். உடன் படித்த ஒருவன் அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் ட்ரிஸ் தாங்கல் கரைசலில் பிணைக்கப் பார்த்தான். ட்ரிஸிலும் அமீன் இருக்கிறதே! நொதிக்கு வைத்த இடத்தில் ட்ரிஸ் குடியேறிவிட்டது. அமிலத்தைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு 2001இல் வந்த பைரீன் முறை இருக்கிறது: பைரீன் என்ற தட்டையான கார்பன் வளைய மூலக்கூறு குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ளும், அதோடு இணைந்த மறுமுனை புரதத்தைப் பிடிக்கும். குழாயின் சுவருக்குச் சேதமில்லை.

மணலி ஆசிரியர்:
வண்ணாரப்பேட்டைப் பெண் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது. என்னிடம் ஒரு மாணவர் சாயத்தைச் சிதைக்கக்கூடிய லாக்கேஸ் நொதியை நானோகுழாயில் ஏற்றிச் சாயநீரில் போட்டார். நிறம் கண்ணெதிரே மறைந்தது. அவருக்கு ஏக மகிழ்ச்சி. “நொதியைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிட்டு மறுபடி செய்யுங்கள் தம்பி” என்றேன். அப்போதும் பெருமளவு நிறம் போயிற்று. குழாயே சாயத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது! லாக்கேஸின் உண்மையான பங்கு எஞ்சிய வித்தியாசம் மட்டுமே. அது சிறியதுதான், ஆனாலும் இருந்தது. அந்தச் சிறிய எண்ணைத்தான் ஆய்வேட்டில் போடச் சொன்னேன். முகம் வாடினாலும் போட்டார். செத்த நொதிக்கு ஒரு குப்பி ஒதுக்காத எந்த ஆய்வேட்டிலும் இப்போது நான் கையெழுத்திடுவதில்லை.