மறு: ‘லெவல் டிசைன்’ – நிலையா, களமா?

அனைவருக்கும் வணக்கம். வீடியோ கேம் துறையின் ‘லெவல் டிசைன்’ போன்ற சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> லெவல் என்பதற்கு ‘நிலை’ ஏற்கெனவே பரவிவிட்டது. ‘நிலை வடிவமைப்பு’ என்று முடித்துவிடலாமே?

அவ்வளவு சீக்கிரம் முடிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அகராதியைப் புரட்டுவதைவிட ஒரு பழைய ஆட்டத்தை எடுத்து, அதை முழுக்கத் தமிழில் விவரித்துப் பார்க்கலாம். எந்தச் சொல் தாங்கும், எது சறுக்கும் என்பது அங்கே தெரிந்துவிடும். நான் எடுத்துக்கொள்வது டாங்கி காங். ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்து, நிண்டெண்டோ 1981இல் ஆர்கேடுகளுக்கு (காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் உள்ள கூடங்களுக்கு) வெளியிட்ட வீடியோ கேம் அது. இடர்களைத் தாண்டி மேலே ஏறுவதுதான் ஆட்டம்.

மொத்தமே நான்கு திரைகள்தான்: 25, 50, 75, 100 மீட்டர் என உயரத்தை வைத்துப் பெயர். முதலாவதில் சாய்ந்த இரும்பு உத்திரங்கள் வழியே பீப்பாய்கள் உருண்டு வரும். 50இல் நகரும் பட்டைகள். 75இல் மின்தூக்கிகளும் துள்ளிவரும் ஸ்பிரிங்குகளும். 100இல் உத்திரங்களை இணைக்கும் எட்டு தறையாணிகளை (ரிவெட்) பிடுங்க வேண்டும்.

சரி, இதில் லெவல் எது? அமெரிக்கப் பதிப்பில் முதல் லெவல் என்றால் 25, 100 ஆகிய இரண்டு திரைகள் மட்டும். அடுத்ததில் நடுவே 75 சேரும். மூன்றாவதில்தான் நான்கையும் பார்க்க முடியும். ஐந்திலிருந்து ஒவ்வொரு லெவலிலும் ஆறு திரைகள். அவற்றில் மூன்று 25 மீட்டரேதான். ஆக, எண் போட்டுச் சொல்லப்படும் லெவல் ஒரு சுற்று. ஆனால் லெவல் டிசைன் என்னும்போது நாம் பேசுவது உத்திரம் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த ஏணி பாதியில் முறிந்திருக்கிறது என்பதையெல்லாம். அது திரைக்குள் இருக்கும் இடத்தின் அமைப்பு. இரண்டுக்கும் ‘நிலை’ என்றே சொன்னால் படிப்பவர் தடுமாறுவார். முன்னதைச் ‘சுற்று’ என்றும் பின்னதைக் ‘களம்’ என்றும் சொல்லலாம்.

22ஆம் சுற்றில் ஆட்டம் உடைந்துபோவதைச் சொல்லவும் இது உதவும். நேரக்கணக்குக்காகச் சுற்றின் எண்ணைப் பத்தால் பெருக்கி நாற்பதைக் கூட்டுகிறார்கள். 22க்கு 260 வரும்; கணினி நினைவகத்தின் சிறு அலகான ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும், அதைத் தாண்டினால் மீண்டும் 0இலிருந்து எண்ணும் என்பதால் அது 4 ஆகிவிடும். திரையில் அது நூறு மடங்காகத் தெரியும் என்பதால், ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் நேரக்கணக்கு 400 மட்டுமே. உச்சியை எட்டுவதற்குள் நேரம் தீர்ந்து உயிர் போய்விடும். இங்கே களத்தில் எந்தக் கோளாறும் இல்லை. முதல் சுற்றில் ஏறிய அதே 25 மீட்டர்தான். பழுது சுற்றின் கணக்கில்.

‘நிலை’ வேண்டாம் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் 100 மீட்டர் திரையில் இருக்கிறது. என் பார்வையில் நான்கில் மிக அழகான வடிவமைப்பு அதுதான். ஒரு தறையாணியைப் பிடுங்கியதும் அங்கே இடைவெளி விழுகிறது. அதைத் தாண்டிக் குதிக்காமல் நடந்தால் விழுந்து சாக வேண்டியதுதான். ஆனால் துரத்திவரும் தீப்பந்துகளாலும் அதைக் கடக்க முடியாது. எந்த ஆணியை முதலில் எடுப்பது என்பதே ஆட்டம்: நமக்கு நாமே பள்ளம் வெட்டுகிறோம், அதே பள்ளம் அரணாகவும் நிற்கிறது. இதை ஒரே வரியில் சொல்லுங்கள் பார்ப்போம். “ஒவ்வோர் ஆணிக்கும் களத்தின் நிலை மாறுகிறது” என்பேன் நான். ‘நிலையின் நிலை மாறுகிறது’ என்று எழுத முடியுமா? நிரல் எழுதுபவர்களுக்கு, ஒன்று அப்போதைக்கு எப்படி இருக்கிறது என்பதை (ஸ்டேட்) குறிக்க ‘நிலை’ மிகவும் தேவைப்படும் சொல். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

> அப்படியானால் ‘களவமைப்பு’?

இலக்கணப்படி சரி. ஆனால் படிக்கும் கண் ‘களவு + அமைப்பு’ என்றுதான் பிரிக்கும். ‘களவாக்கம்’ என்றாலும் அதே சிக்கல். ‘கள வடிவமைப்பு’ என்று இடைவெளி விட்டே எழுதலாம். நீளம் குறையவில்லை என்றாலும் பொருள் தெளிவு.

அப்புறம் ‘சேலஞ்ச்’. பீப்பாய், தீப்பந்து, ஸ்பிரிங் ஆகியவற்றையே ‘சவால்’ என்று எழுதியிருந்தீர்கள். அவற்றை ‘இடர்’ என்று சொல்லலாம். இடரும் இடமும் நேரமும் சேர்ந்து ஆட்டக்காரரை ஒரு முடிவெடுக்க வைப்பதுதான் சவால். ஆட்டத்தில் எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் சுத்தியலைப் பாருங்கள். அது கையில் இருக்கும்வரை பீப்பாய்களை நொறுக்கலாம்; ஆனால் குதிக்கவும் முடியாது, ஏணி ஏறவும் முடியாது. எடுப்பதா, விடுவதா? சவால் அந்தக் கேள்விதான், பீப்பாய் அல்ல. 75 மீட்டரில் சுத்தியலே கிடையாது, அதனால் அங்கே கேள்வியும் வேறு: துள்ளிவரும் ஸ்பிரிங்குக்கு முன்னால் ஓடுவதா, அது போகட்டும் என்று நிற்பதா?

‘பிளாட்ஃபார்ம் கேம்’, அதாவது தட்டுக்குத் தட்டு ஏறியும் தாவியும் ஆடும் இவ்வகை ஆட்டம் பற்றி ஒரு வார்த்தை. ‘தளம்’ இணையத்துக்குப் போய்விட்டது, ‘மேடை’ நாடகத்தை நினைவூட்டும். 1980இல் வந்த ஸ்பேஸ் பேனிக் என்ற ஆட்டத்தில் தட்டுகளும் ஏணிகளும் இருந்தன, குதிப்பது மட்டும் இல்லை. டாங்கி காங்குக்கு உயிர் கொடுத்தது அந்தக் குதிப்புதான். ஆகவே ‘தாவாட்டம்’ என்பது என் பரிந்துரை. காதுக்கு ஒட்டவில்லை என்றால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். சொல்லை மேலே உள்ள நான்கு திரைகளிலும் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதினால் பேச எளிதாக இருக்கும்.