டூரிசம் டிகிரி எடுக்கலாமா? மண்டபம் பக்கம் இருக்கேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க

மண்டபம்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ப்ளஸ் டூ பயாலஜி குரூப் முடிச்சிருக்கேன். அப்பா நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறாரு, அம்மா கடல்பாசி எடுக்கப் போவாங்க. வீட்ல நர்சிங் போ, இல்லன்னா பிகாம் போங்குறாங்க, எனக்கு ரெண்டுலயும் மனசு ஒட்டல. நம்ம கடலோரத்துக்கு வர்ற ஜனங்கள ஒழுங்கா கூட்டிட்டுப் போயி காமிக்கணும், அந்த இடமும் கெடாம இருக்கணும், இதையே படிச்சு வேலையா பாக்கணும்னு ஆசை. அமெரிக்காவுல 'பார்க்ஸ், ரெக்ரியேஷன் அண்ட் டூரிசம்'னே டிகிரி இருக்காம். நம்ம பக்கம் அப்படி எதுவும் இருக்கா? எங்க மாமா "டிக்கெட் போடுற வேலைக்கு எதுக்கு மூணு வருஷம் படிப்பு"ன்னு கேக்குறாரு, அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

மதுரை_டூர்_மேனேஜர்:
தங்கச்சி, முதல்ல ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோ. நம்ம நாட்டுல டூரிசம் படிப்பு வேற, பார்க்கை நிர்வாகம் பண்றது வேற. டூரிசம்ல பிபிஏ, எம்பிஏன்னு போனா டிராவல் ஏஜென்சி, ஏர்லைன் டிக்கெட்டிங், டூர் பேக்கேஜ் போடுறது, மார்க்கெட்டிங், அக்கவுண்ட்ஸ் இதுதான் நிறைய வரும். வேலையும் அந்தப் பக்கம்தான் நிறைய. மத்திய அரசோட டூரிசம் படிப்பு நிறுவனம் ஐஐடிடிஎம் குவாலியர்ல இருக்கு, நமக்குக் கிட்ட நெல்லூர் கேம்பஸ். அவங்களோடதே கோவாவுல வாட்டர் ஸ்போர்ட்ஸுக்குன்னு தனியா ஒரு நிறுவனம் இருக்கு, லைஃப்கார்டு, பவர்போட் ஓட்டுற கோர்ஸ்லாம் அங்க நடக்கும், கடல்கரையில வளந்த பிள்ளைக்கு அது ரொம்ப உபயோகப்படும். பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில டூரிசத்துக்கு தனி டிபார்ட்மெண்டே இருக்கு, பிஜிக்கு யோசிக்கலாம். வீட்ல வெளியூர் அனுப்ப மாட்டாங்கன்னா இக்னோ தபால் வழில டூரிசம் இருக்கு.

ஆனா மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா மாதிரி இடத்துல யூனிஃபார்ம் போட்டு வேலை பாக்கணும்னா அது வனத்துறை. ரேஞ்சர், ஏசிஎஃப் (உதவி வனப் பாதுகாவலர்) எல்லாம் சயின்ஸ் டிகிரி கேப்பாங்க, டூரிசம் டிகிரிய வச்சு அங்க அப்ளை பண்ண முடியாது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரில பாரஸ்ட்ரி இருக்கு, இல்லன்னா ஜுவாலஜி, பாட்டனி. நீ பயாலஜி குரூப்புங்குறதால இந்தக் கதவு இன்னும் தொறந்துதான் இருக்கு, அவசரப்பட்டு நீயே சாத்திடாத. டூரிஸ்ட் ஆபீசர் போஸ்ட்டுக்கு டிஎன்பிஎஸ்சி எப்பவாவது கூப்பிடும், எண்ணிக்கை ரொம்பக் கம்மி, அத மட்டும் நம்பி உக்கார வேண்டாம்.

தேவிபட்டினத்தான்:
நான் இப்ப அமெரிக்காவுல வடக்கு கரோலினாவுல நீங்க கேட்ட இதே படிப்பத்தான் படிக்கிறேன், சொந்த ஊரு தேவிபட்டினம். இங்க என்சி ஸ்டேட், க்ளெம்சன், யூட்டா யுனிவர்சிட்டி எல்லாத்துலயும் இதுக்கு தனி டிபார்ட்மெண்ட். ஒவ்வொரு ஊரு நகராட்சிக்கும் பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்னு ஒரு பிரிவு இருக்கும், வேலைல பெரும்பங்கு அங்கதான். நேஷனல் பார்க் சர்வீஸ் 1916ல ஆரம்பிச்சது, அதுல நிரந்தர வேலைக்கு இந்த நாட்டு குடியுரிமை வேணும், அதனால அத நெனச்சு யாரும் லோன் போட்டு கிளம்பி வராதீங்க.

உங்க மாமாவுக்கு பதில் நான் சொல்றேன். இந்தப் படிப்புல முதல்ல சொல்லித்தர்றதே ஒரு இடம் எவ்வளவு ஜனத்த தாங்கும்ங்குறதுதான். 100 பேரா 1000 பேரான்னு ஒரு நம்பர் போட்டுட்டா முடிஞ்சுதுன்னு முன்னாடி நெனச்சாங்க, 1985ல அமெரிக்க வனத்துறை வேற முறை கொண்டு வந்துச்சு. எத்தன பேருன்னு மட்டும் பாக்காம, அந்த இடத்துல எவ்வளவு மாற்றம் வரைக்கும் பொறுத்துக்கலாம்னு ஊர்க்காரங்க வர்றவங்க எல்லாரோடயும் உக்காந்து முடிவு பண்ணி, அத வருஷா வருஷம் அளந்து பாத்து, தாண்டிடுச்சுன்னா நடவடிக்கை எடுக்கணும்.

இத தனுஷ்கோடி அரிச்சல்முனைல வச்சு யோசிங்க. 2017ல ரோடு போட்டாங்க, அதுக்கப்புறம் கார், வேன்லாம் நேரா முனை வரைக்கும் போகுது. பார்க்கிங் எங்க, கக்கூஸ் எங்க, குப்பைய யாரு அள்ளுறது, நீரோட்டம் இழுக்குற எடத்துல யாரும் இறங்காம யாரு பாக்குறது, 1964 புயல்ல போன சர்ச்சு சுவத்துல ஏறாம எப்படி தடுக்குறது, சங்கு, பாசிமணி விக்கிற நம்ம ஜனத்துக்கு கடை எங்க குடுக்குறது... இது ஒவ்வொண்ணும் இந்தப் படிப்புல ஒரு பாடம். இத எல்லாம் படிச்ச ஒரு ஆள் நம்ம கரையில நிக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. டிக்கெட் போடுறது இதுல ஒரு மூலைதான்.

காரங்காடு_படகு:
மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. நான் படிச்சவன் இல்ல, படகுக்காரன். பாப்பா, எங்க காரங்காடுல அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறத வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்துதான் நடத்துறோம், துடுப்புப் படகும் இருக்கு, நம்ம பொம்பளைங்க சமைக்கிற மீன் சாப்பாட்டுக்குன்னே மதுரைல இருந்து வர்றாங்க. லீவு நாள்ல ஒரு முழுநாள் வந்து உக்காந்து பாரு. குந்துகால்ல இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு போகுதே, அதுலயும் ஒரு தடவ போயிட்டு வா. பிரப்பன்வலசைல கயாக் ஓட்டக் கத்துத் தர்றாங்க.

இன்னொண்ணு. உனக்குத் தெரிஞ்சது வெளில இருந்து வர்ற மேனேஜருக்குத் தெரியாது. கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற மாசத்துல தென்கடல் (மன்னார் வளைகுடா) பொங்கும், வடகடல் (பாக் நீரிணை) குளம் மாதிரி கெடக்கும், வடகிழக்குல இருந்து வாடை வந்தா அப்படியே திரும்பிடும். எந்த மாசம் எந்தப் பக்கம் ஜனத்த இறக்கலாம்னு உங்க அப்பாவக் கேட்டா நிமிஷத்துல சொல்லுவாரு. அதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வை. பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டு தீவும் தண்ணிக்குள்ள போச்சு, மொத்தம் இருந்ததே 21 தீவு. அதையும் வர்றவங்ககிட்ட சொல்லணும், மீன் காமிச்சா மட்டும் போதாது.

மண்டபம்_பொண்ணு:
அண்ணே எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆவுளியா (கடல்பசு), அது மேயுற கடல்தாழைப் புல் பத்திலாம் அப்பா நிறைய சொல்லுவாரு, அதையும் சேத்து எழுத ஆரம்பிக்கிறேன். ஒரு டவுட்டு, ஜுவாலஜி யுஜி முடிச்சுட்டு அப்புறம் டூரிசம்ல பிஜி போனா ரெண்டு பக்கமும் வழி இருக்குமா?

மதுரை_டூர்_மேனேஜர்:
இருக்கும்மா, உன் நிலைமைல நான் அதத்தான் சொல்லுவேன். டூரிசம் பிஜிக்கு பெரும்பாலும் எந்த டிகிரினாலும் எடுத்துப்பாங்க. யுஜி படிக்கும்போதே டூரிசம் மினிஸ்ட்ரி ஆன்லைன்ல குடுக்குற டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர் (வர்றவங்களுக்கு வழிகாட்டுறவங்க) சர்டிபிகேட் ஒண்ணு இருக்கு, அத முடிச்சுடு. இங்கிலீஷோட ஹிந்தியும் கொஞ்சம் பேசிப் பழகிக்கோ, ராமேஸ்வரத்துக்கு வடக்க இருந்து வர்ற கூட்டம் உனக்கே தெரியும்.

தேவிபட்டினத்தான்:
ஜுவாலஜி எடுத்தா ப்ராஜெக்ட்ட உங்க ஊர்லயே பண்ணுங்க, மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) சென்டர் இருக்குல்ல, நேரா போயி கேளுங்க. பாசி எடுக்குற அம்மாமாரு சீசன், டூரிஸ்ட் சீசன் ரெண்டும் எப்படி ஒத்துப் போகுதுன்னு ஒரு தலைப்பு எடுத்தாலே நல்லா இருக்கும். நீங்க தொடங்கினா நான் இங்க இருந்து பேப்பர்லாம் தேடி அனுப்புறேன்.